கருமுட்டைக்கு வயதாவதும் இயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்களும்: எது, எவ்வளவு, எப்போது நிறுத்துவது?

#1 கருவியல்மேசை

இந்தக் கேள்வி பல இழைகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரே இடத்தில் பேசிவிடலாம் என்று தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள்.

‘இனப்பெருக்க முதுமை’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே நடப்பவை மூன்று.

முதலாவது கையிருப்பு. தாய் வயிற்றில் 20 வாரம் ஆகும்போது பெண் சிசுவுக்கு 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்பெய்தும்போது 3, 4 லட்சம், மாதவிடாய் நிற்கும்போது ஆயிரம் அளவுக்கு. இவற்றில் மாதாமாதம் வெளியே வருபவை மொத்தமே 400, 500 தான். மீதி எல்லாம் தானாகக் கரைந்துபோகின்றன. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் இப்படிக் கரைவது நிற்பதில்லை.

இரண்டாவது எரிசக்தி. முதிர்ந்த முட்டைக்குள் ஒரு லட்சத்துக்கும் மேல் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்புகள்) உண்டு. கருவுற்ற பிறகு முதல் சில நாட்களுக்கு அவற்றின் டிஎன்ஏ புதிதாகப் பெருகுவதில்லை. முட்டை கொண்டுவந்த சரக்கைத்தான் கருவின் செல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. சரக்கு பழுதாக இருந்தால் கரு ஐந்தாம் நாளை எட்டாது.

மூன்றாவது குரோமோசோம் பிரிவு. வயது ஏறும்போது கருச்சிதைவு கூடுவதற்குப் பெருமளவு காரணம் இதுதான்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது செல்லைச் சேதப்படுத்தும் ஆக்ஸிஜன் தனிக்கூறுகளை அடக்கும் பொருள். அது இந்த மூன்றில் எதைத் தொடும்? அதைச் சொல்லாமல் ‘முட்டைக்கு நல்லது’ என்று எழுதுவதில் பொருளில்லை.

#2 நுண்ணோக்கி

மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

குரோமோசோம் ஜோடிகளைப் பிடித்துவைத்திருப்பது கோஹெசின் என்ற புரத வளையம். முட்டைக்குள் அந்த வளையத்தை மாட்டுவது பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பிறகு புதிதாக மாட்டுவதாகத் தெரியவில்லை. 38 வயதுப் பெண்ணின் முட்டையில் இருப்பது 38 ஆண்டுக்கு முன் மாட்டிய வளையம். அது தேய்ந்து கழன்றால் குரோமோசோம்கள் முன்கூட்டியே பிரிந்து தவறான பக்கம் போய்விடும். வயதான சுண்டெலிகளின் முட்டைகளில் கோஹெசின் வெகுவாகக் குறைந்திருப்பதை 2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின.

விளைவு எண்ணிலும் தெரிகிறது. ஐவிஎஃப்பில் (உடம்புக்கு வெளியே கருவுறச் செய்யும் முறை) ஐந்தாம் நாள் கருக்களைச் சோதித்த பெரிய தொகுப்புகளில், குரோமோசோம் பிழை மற்ற வயதுகளைவிட 20களின் பின்பாதியில்தான் குறைவு. 42 வயதை ஒட்டி நான்கில் மூன்று கருக்களில் பிழை.

கழன்ற வளையத்தைத் திரும்ப மாட்டுகிற ஆன்டிஆக்ஸிடன்ட் எதுவும் இல்லை. ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் அதன் தேய்மானத்தை வேகப்படுத்தலாம் என்று வாதிடலாம். அப்படியென்றாலும் 20 வருடத் தேய்மானத்தை மூன்று மாத மாத்திரை திருப்பாது.

#3 மாத்திரைப்பெட்டி

நுண்ணோக்கி சொன்னதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் குரோமோசோம்களை இழுக்கும் கதிர் இழைகள் மைட்டோகாண்ட்ரியா தயாரிக்கும் ஏடிபி என்ற எரிபொருளில்தான் ஓடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா சோர்ந்தால் இழுவையும் கோணும். அதனால் இரண்டாவதும் மூன்றாவதும் முழுக்கத் தனித்தனி அல்ல. கோஎன்சைம் க்யூ10 பற்றிய நியாயமே இதில்தான் இருக்கிறது.

க்யூ10 மைட்டோகாண்ட்ரியா சவ்வில் எலக்ட்ரானைக் கைமாற்றும் மூலக்கூறு, கூடவே ஆன்டிஆக்ஸிடன்ட். உடம்பே தயாரிக்கிறது. வயதான சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்தபோது முட்டையின் மைட்டோகாண்ட்ரியா வேலை மேம்பட்டு, குட்டிகளும் கூடின என்று 2015இல் வந்த ஆய்வு சொன்னது. முட்டையைச் சுற்றியிருக்கும் குமுலஸ் செல்களில் க்யூ10 தயாரிக்கும் மரபணுக்களின் வேலை வயதோடு குறைவதையும் அதே ஆய்வு காட்டியது. முட்டையால் குளுக்கோஸைச் சரியாக எரிக்க முடியாது. குமுலஸ் செல்கள்தான் அதைப் பைருவேட்டாக்கி ஊட்டுகின்றன. ஊட்டுகிற கை தளர்ந்தால் குழந்தை பட்டினி. அவ்வளவுதான் விஷயம்.

மனிதர்களில் 2018இல் சீனாவில் ஒரு சோதனை: 35க்குக் கீழே, கையிருப்பு குறைந்த பெண்கள், ஐவிஎஃப்புக்கு முன் 60 நாள், தினம் 600 மி.கி. முட்டைகள் கூடுதலாகக் கிடைத்தன, நல்ல தரமான கருக்களும் கூடின. ஆனால் குழந்தை பிறப்பில் புள்ளியியல் ரீதியான வித்தியாசம் நிரூபணமாகவில்லை. 2014இல் கனடாவில் 35 முதல் 43 வயதுப் பெண்களிடம் நடந்த சோதனை பாதியில் நின்றது. 39 பேரோடு முடிந்தது. குரோமோசோம் பிழை க்யூ10 குழுவில் 46.5 சதவீதம், மற்றதில் 62.8. பார்க்க ஆசையாக இருக்கும் எண்கள்தான். 39 பேரை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது.

#4 எலிக்கணக்கு

2018 சோதனை இளம் பெண்களிடம் நடந்தது என்பதை அடிக்கோடிட வேண்டும். அவர்களுக்குப் பிரச்சினை எண்ணிக்கை. முட்டையின் வயது அல்ல. 41 வயதுக்காரர் அதை எடுத்துத் தனக்குப் பொருத்திக்கொள்வது பொருந்தாத சட்டை.

இன்னொன்று, சுண்டெலி அளவை மனிதருக்கு மாற்றுகிற கணக்கு. ‘எலிக்குக் கிலோவுக்கு 100 மி.கி.; நான் 60 கிலோ; அப்போ 6,000 மி.கி.’ என்று போடக் கூடாது. உடல் பரப்பை வைத்து மாற்ற வேண்டும்: சுண்டெலி அளவை 12.3ஆல் வகுக்கவும். 100 ÷ 12.3 = சுமார் 8.1, அதை 60 கிலோவால் பெருக்கினால் சுமார் 490 மி.கி. தவறான கணக்கு பன்னிரண்டு மடங்கு அதிகம். இதுவும் ஒரு தோராயம்தான், ‘இத்தனை சாப்பிடு’ என்ற சீட்டு அல்ல.

#5 குறுக்குக்கேள்வி

உணவிலேயே கிடைக்குமே, மாத்திரை எதற்கு?

#6 மாத்திரைப்பெட்டி

பொருளைப் பொறுத்தது. சாதாரண உணவில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் க்யூ10 சில மில்லிகிராம். 600ஐத் தட்டில் எட்டவே முடியாது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால் இன்னும் மோசம்: ஒரு லிட்டர் சிவப்பு ஒயினிலேயே சில மில்லிகிராம்தான். அதற்காகக் குடிப்பது கருத்தரிப்புக்கு நேர் எதிர்.

வைட்டமின் சி, ஈ, கரோட்டினாய்டுகள் இவை வேறு கதை. பழம், காய், கீரை, பருப்பு, கொட்டை வகைகளிலேயே தேவையான அளவு வந்துவிடும். அங்கே மாத்திரை மிகைதான். ஃபோலேட் மட்டும் விதிவிலக்கு: கருத்தரிக்க முயல்பவர்கள் உணவோடு ஃபோலிக் அமில மாத்திரையும் எடுக்க வேண்டும்.

‘இதில் ஓராக் மதிப்பு இவ்வளவு’ என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். அது ஆன்டிஆக்ஸிடன்ட் வலிமையைச் சோதனைக் குழாயில் எடுக்கும் அளவீடு. உடம்புக்குள் நடப்பதை அது காட்டுவதில்லை, விளம்பரத்துக்குத்தான் பயன்படுகிறது என்று சொல்லி அமெரிக்க வேளாண்மைத் துறை அந்தப் பட்டியலையே 2012இல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது.

#7 கருவியல்மேசை

இழையில் யாரும் இன்னும் தொடாத பக்கம் ஒன்று: ஆக்ஸிஜன் தனிக்கூறுகள் எல்லாமே எதிரி அல்ல. முட்டை வெடித்து வெளியே வருவதற்கே அவை வேண்டும். இஸ்ரேலின் வெய்ஸ்மன் நிறுவனத்தில் 2011இல் சுண்டெலிகளின் சினைப்பையைச் சுற்றியுள்ள உறைக்குள் ஆன்டிஆக்ஸிடன்ட்டைச் செலுத்திப் பார்த்தார்கள். முட்டை வெளியாவது வெகுவாகக் குறைந்துபோனது. முட்டை வெளியாவதைத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் ஏறும்போது சினைப்பையில் நடப்பது ஒரு சிறிய, கட்டுப்பாடான அழற்சி. அந்தத் தீயை முழுக்க அணைத்தால் சோறு வேகாது.

‘அதிகம் போட்டால் அதிகம் நல்லது’ என்பவர்களுக்கு இன்னொரு சுண்டெலிச் சோதனை, 2002இல் வந்தது. வைட்டமின் சி, ஈ இரண்டையும் உயர் அளவில் நெடுநாள் கொடுத்தார்கள். முட்டைகளின் முதுமையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டதாக முன்பு காட்டியிருந்த அதே குழுதான். இந்த முறை குட்டி போடும் தடவைகளும் குட்டிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டன. முட்டைக்கு நல்லது செய்ததாகத் தெரிந்த பொருள், சினைப்பைக்கும் கருப்பைக்கும் கெடுதலானது.

#8 நுண்ணோக்கி

ரெஸ்வெராட்ரால் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். சுண்டெலியில் முதுமையைத் தள்ளிப்போட்டது, சரி. ஆனால் கரு ஒட்டுவதற்குக் கருப்பை உள்வரி ஒரு மாற்றத்துக்கு உள்ளாக வேண்டும். உள்வரிச் செல்கள் வீங்கி உருண்டு கருவுக்கு மெத்தை போடுகின்றன. ரெஸ்வெராட்ரால் அந்த மாற்றத்தைத் தடுக்கிறது என்று செல் சோதனைகள் காட்டுகின்றன. 2019இல் ஜப்பானிலிருந்து வந்த பின்னோக்கு ஆய்வில், தினம் 200 மி.கி. தொடர்ந்து எடுத்தபடியே கரு வைத்துக்கொண்டவர்களிடம் கர்ப்பம் குறைவு, கருச்சிதைவு அதிகம்.

பின்னோக்கு ஆய்வு என்பதால் இறுதித் தீர்ப்பு இல்லை. ஆனாலும் நடைமுறை எளிது. மாதாமாதம் இயல்பாக முயல்பவருக்கு முட்டை வெளியான மறுநாளிலிருந்து இந்தப் பொருள் உடம்பில் இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் அவருக்கு ‘போடலாம்’ என்ற காலமே மாதத்தில் பாதிதான். அதற்கு இதை விட்டுவிடுவதே மேல். பலசரக்கு மாதிரி பல பொருட்கள் கலந்த ‘வயது எதிர்ப்பு’ மாத்திரைகளில் இது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் சிறு எழுத்தைப் படியுங்கள்.

#9 குறுக்குக்கேள்வி

மெலடோனின்? கிரீன் டீ?

#10 கருவியல்மேசை

தூக்க ஹார்மோனான மெலடோனின், முட்டைப்பை (சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையையும் சுற்றியிருக்கும் சிறு பை) நீரில் ரத்தத்தைவிட அதிகமாக இருக்கிறது. சினைப்பை அதைத் தேடிப்பிடித்து வைத்துக்கொள்கிறது என்றே தோன்றும். 2008இல் ஜப்பானில் இரவு 3 மி.கி. கொடுத்தபோது முட்டைப்பை நீரில் டிஎன்ஏ சேதக் குறியீடு குறைந்தது. கருவுறும் விகிதமும் முந்தைய சுற்றைவிட மேம்பட்டது. ஆனால் 2018இல் ஆஸ்திரேலியாவில் 160 பெண்களிடம், மருந்தில்லா மாத்திரையோடு ஒப்பிட்டு, 2, 4, 8 மி.கி. தினம் இருவேளை என்று மூன்று அளவில் பார்த்தார்கள். கர்ப்ப விகிதத்தில் வித்தியாசம் இல்லை. குறியீடு மாறுவது வேறு, குழந்தை பிறப்பது வேறு. ஃப்ளூவோக்ஸமைன் என்ற மனநல மருந்தை எடுப்பவர்கள் மெலடோனினைத் தொடவே கூடாது. அந்த மருந்து கல்லீரலில் மெலடோனின் உடையும் வழியை அடைத்து ரத்த அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

கிரீன் டீயைக் கோப்பையில் குடிப்பதில் சிக்கல் இல்லை, காஃபின் கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். சாற்றை இறுக்கி மாத்திரையாக்கும்போதுதான் சிக்கல். அதில் உள்ள ஈஜிசிஜி தினம் 800 மி.கி. அல்லது அதற்கு மேல் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் குறித்தது. ஈஜிசிஜி ஃபோலேட்டை வேலை செய்யவிடும் நொதியையும் தடுக்கக்கூடியது. கருவின் நரம்புக் குழாய் கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடும். பலருக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் ஃபோலேட்டோடு மோதுகிற பொருள் எதற்கு?

#11 மாத்திரைப்பெட்டி

மேல்வரம்புகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று டப்பா சேர்த்துப் போடுபவர்கள் கூட்டிப் பார்ப்பதில்லை.

ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ தினம் 10,000 ஐயூவைத் தாண்டக் கூடாது. கருவுக்கு உறுப்புக் குறை வரும் ஆபத்து உண்டு. செலினியம் அமெரிக்க வரம்பில் 400 மைக்ரோகிராம், ஐரோப்பிய வரம்பில் 255. முடி கொட்டுவதும் நகம் உடைவதும் வாயில் பூண்டு வாடை வருவதும் அது மிகையானதன் அறிகுறிகள். முடி கொட்டுகிறது என்று அதே மாத்திரையை இன்னொன்று கூட்டுகிறவர்கள் உண்டு! துத்தநாகம் 40 மி.கி.யைத் தாண்டி நெடுநாள் போனால் செம்பு குறைந்து ரத்தசோகை வரும். வைட்டமின் சி 2,000 மி.கி. வரை. புகைப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை போடவே வேண்டாம். 1990களில் 20, 30 மி.கி. கொடுத்த இரண்டு பெரிய சோதனைகளில் நுரையீரல் புற்றுநோய் கூடியது.

புகைப்பவர்கள் இந்த இழையை இங்கேயே மூடிவிட்டுப் போகலாம் என்பது என் எண்ணம். புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் முட்டைச் செல்லைத் தற்கொலைக்குத் தூண்டுகின்றன. மாதவிடாய் ஓரிரு வருடம் முன்னதாக நின்றுபோகிறது. அதை ஈடுகட்டும் மாத்திரை கிடையாது.

#12 குறுக்குக்கேள்வி

சரி, இத்தனைக்கும் பிறகு ஒருவர் க்யூ10 எடுத்தே தீருவேன் என்றால், முறை என்ன?

#13 மாத்திரைப்பெட்டி

முதலில், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவரா என்று பாருங்கள். க்யூ10இன் வடிவம் வைட்டமின் கே போல இருப்பதால் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கலாம். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காலக்கணக்கு: சிறு முட்டைப்பை வளர்ந்து முட்டை வெளியாகும் கடைசிக் கட்டம் சுமார் 85 நாள். ‘மூன்று மாதம்’ என்பது இதிலிருந்து வந்ததுதான், யாரோ போட்ட உத்தேசம் அல்ல. இரண்டு வாரம் போட்டுவிட்டு ஐவிஎஃப்புக்குப் போனால் அந்தச் சுற்றின் முட்டைக்குப் பெரிதாக எதுவும் போய்ச் சேராது.

600 மி.கி. என்றால் ஒரே வேளையில் விழுங்காதீர்கள். குடல் உறிஞ்சுவதற்கு எல்லை உண்டு, மீதி வீண். 200 வீதம் மூன்று வேளை, கொழுப்புள்ள உணவோடு. வெறும் வயிற்றில் வேண்டாம். தூக்கம் கெட்டால் கடைசி வேளையை மாலைக்கு முன் நகர்த்துங்கள்.

அடுத்து மாத்திரையின் உடம்பு. யூபிகுவினோன் (க்யூ10இன் வழக்கமான வடிவம்) ஆரஞ்சு மஞ்சள் தூள், தண்ணீரில் கரையவே கரையாது. உலர் தூள் நிரப்பிய ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து வெந்நீரில் கொட்டிப் பாருங்கள்: மேலே படலமாக மிதக்கும், கலக்கினால் கரண்டியில் ஒட்டும். குடலிலும் ஏறக்குறைய அதே நிலைதான். எண்ணெயில் கரைத்து மென்கேப்ஸ்யூலாகத் தருவது இதனால்தான்.

சோதனைகளில் முட்டை எடுக்கும் வரைக்கும்தான் கொடுத்தார்கள். கர்ப்பம் உறுதியான பிறகும் தொடர்வதற்கு அவற்றில் ஆதாரம் எதுவும் இல்லை.

#14 எலிக்கணக்கு

பலன் தெரிகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? பலர் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனின் ரத்த அளவைப் பார்க்கிறார்கள், அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஏஎம்ஹெச் கையிருப்பைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 2017இல் வந்த அமெரிக்க ஆய்வில், கருத்தரிப்புச் சிக்கல் இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களில் ஏஎம்ஹெச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். அலகையும் பாருங்கள்: ஒரு ஆய்வகம் நானோகிராமில் தரும், இன்னொன்று பிக்கோமோலில். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 7.14 பிக்கோமோல். ‘1.1 இருந்தது 7.8 ஆகிவிட்டது’ என்று மாத்திரைக்குப் பாராட்டுப் பத்திரம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே எண். கருத்தடை மாத்திரை எடுக்கும்போது ஏஎம்ஹெச் இறங்கும், நிறுத்திச் சில மாதத்தில் ஏறும். அந்த ஏற்றத்தையும் மாத்திரையின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

தரத்துக்கு ரத்தப் பரிசோதனை இல்லை. ஐவிஎஃப்பில் முதிர்ந்த முட்டை எத்தனை, கருவுற்றது எத்தனை, ஐந்தாம் நாள் எட்டியது எத்தனை, இவைதான் அளவுகோல். அதுவும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் தானாகவே ஏறி இறங்கும்.

2020இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு 63 சோதனைகள், 7,760 பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. ஆன்டிஆக்ஸிடன்ட்டால் பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு முதல் மிகக் குறைவு வரை என்பதே அதன் முடிவு.

#15 நுண்ணோக்கி

மூன்று மாதம் என்ற கணக்கில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘மாத்திரை போட்டு முட்டையைத் தேற்றிவிட்டுப் பிறகு மருத்துவரைப் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவது. 35க்குக் கீழே ஒரு வருடம் முயன்றும் கரு நிற்கவில்லை என்றால் பரிசோதனை. 35க்கு மேல் ஆறு மாதம். 40 தாண்டினால் காத்திருக்கவே வேண்டாம். குழாய் அடைப்பு, விந்தணுக் குறைபாடு, தைராய்டு எதுவாகவும் இருக்கலாம், க்யூ10 இவற்றை எதுவும் செய்யாது. மாத்திரையும் பரிசோதனையும் ஒரே நாளில் தொடங்கட்டும்.

#16 குறுக்குக்கேள்வி

கடைசியாக இரண்டு. முடிக்கு பயோட்டின் சேர்த்து எடுப்பவர்கள் பரிசோதனைக்குப் போகலாமா? க்யூ10இன் இன்னொரு வடிவமான யூபிகுவினால் கேப்ஸ்யூல் நிறம் மாறியிருந்தால் போடலாமா?

#17 மாத்திரைப்பெட்டி

பயோட்டின் 5, 10 மி.கி. என்று வருகிறது, பல ஹார்மோன் பரிசோதனைகள் பயோட்டினையே ஒட்டுப் பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் மிகையாக இருந்தால் எஃப்எஸ்ஹெச், டிஎஸ்ஹெச், சில கருவிகளில் ஏஎம்ஹெச் பொய்யாகக் குறைந்தும், எஸ்ட்ராடியோல், புரோஜெஸ்டிரோன் பொய்யாகக் கூடியும் காட்டலாம். ரத்தம் கொடுக்க மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், ஆய்வகத்திலும் சொல்லுங்கள். கூட்டு மாத்திரைகளிலும் பயோட்டின் இருக்கும்.

யூபிகுவினால் வெண்மையாக, பால் நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டு ஆக்ஸிஜனேறினால் ஆரஞ்சாக மாறும். அப்போது அது யூபிகுவினோன் ஆகிவிட்டது. விஷம் இல்லை. ஆனால் யூபிகுவினாலுக்கான கூடுதல் விலையைக் கொடுத்துவிட்டு யூபிகுவினோனைத்தான் விழுங்குகிறீர்கள். வெளிச்சமும் சூடும் படாத இடத்தில், மூடியை இறுக்கி வையுங்கள். வாரப்பெட்டியில் முன்கூட்டிப் பிரித்துப் போட வேண்டாம்.